கடிபட்டு வரும் கடுவனுக்கு எய்ட்ஸ் தடுப்பூசி உண்டா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். எங்கள் இரண்டு வயது கடுவன் பூனை ராத்திரியானால் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போய்க் கடிபட்டு வருகிறது. பூனை எய்ட்ஸுக்குத் தடுப்பூசி எங்கே போடலாம்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: குழந்தையை நினைத்துப் பயப்படாதீர்கள். பூனை எய்ட்ஸை உண்டாக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் மனிதருக்குத் தொற்றாது.

இதற்கு 2002இல் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசி வந்தது. இந்த வைரஸின் எல்லா வகைகளையும் அது தடுக்கவில்லை. ஊசி போட்ட பூனைக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், நோய் இருப்பது போலவே முடிவு வரும். அங்கே அதை நிறுத்தியே பல வருடமாகிறது. நம் ஊரில் வழக்கமாகப் போடும் ஊசிகளிலும் அது இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

இந்த வைரஸ் பெரும்பாலும் கடியால்தான் பரவுகிறது. எச்சிலில் இருக்கும் வைரஸ் கோரைப்பல் வழியே ஆழமாக உள்ளே போய்விடும். எனவே சண்டையைக் குறைப்பதுதான் வழி. கருத்தடை செய்துவிடுங்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அடங்கிவிடாது, சில வாரம் ஆகும். அதுவரைக்குமாவது ராத்திரியில் வெளியே விடாதீர்கள்.

தினமும் கழுத்து, முன்னங்கால், வாலடி மூன்றையும் முடியை விலக்கித் தடவிப் பாருங்கள். பல் இறங்கிய ஓட்டை கடுகளவுதான் இருக்கும், சீக்கிரம் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் வீங்கிச் சுடும். உள்ளே சீழ் கட்டியிருக்கும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டால் போடக் கூடாது. காய்ச்சலடிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. கால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடலாம்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வெறிநோய்க்கு. அந்த ஊசி போடாவிட்டால் இந்த வாரமே போடுங்கள். கடிபட்டு வருவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தையைப் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூனைகளுக்கு வரும் மூன்று வைரஸ் நோய்களைத் தடுக்கும் ட்ரைகேட் ஊசியும் அவசியம்.

எஃப்.ஐ.வி. பரிசோதனையைக் கடைசியாகக் கடிபட்டு இரண்டு மாதம் கழித்துச் செய்யுங்கள். அதற்கு முன்னால் செய்தால் தொற்று இருந்தாலும் தெரியாமல் போகலாம். பாசிட்டிவ் என்று வந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். வெளியே விடாமல், பல்லையும் ஈறையும் கவனித்து வளர்த்தால் பல வருடம் நன்றாக வாழும். அதைத் தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.