டிபியும் சுகரும் ஒரே நேரத்தில்: கேள்வி பதில்

காசநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

அக்கா, அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள்தான் இருந்தது. டிபி மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரம் வெறும் வயிற்றில் 240. சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. ஏன்?

உடம்பில் தொற்று இருக்கும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதோடு ரிஃபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறதே, அந்த மருந்துதான். அது கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரமே வெளியேற்ற வைக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை சுகர் மாத்திரைகளின் வேகம் இதனால் குறைந்துவிடும். மெட்ஃபார்மினுக்கு அவ்வளவு பாதிப்பில்லை, இன்சுலினுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதனால்தான் சிலருக்கு டிபி மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் இன்சுலின் போடச் சொல்கிறார்கள். "ஊசி என்றாலே கடைசிக் கட்டம்" என்று அப்பா பயந்தால், டிபி குணமானபின் மறுபடி மாத்திரைக்கே போனவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. தொற்று குறையக் குறைய சுகரும் இறங்கும். டிபி மருந்தை முடித்த இரண்டு வாரத்தில் ரிஃபாம்பிசினின் பாதிப்பும் போய்விடும். அப்போதும் கூட்டிவைத்த டோஸையே போட்டால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழ வேண்டியதுதான். கடைசி அட்டை மாத்திரை கைக்கு வந்ததும் சுகர் டாக்டரையும் போய்ப் பாருங்கள்.

டிபிக்கு நன்றாகச் சாப்பிடு என்கிறார்கள், சுகருக்குக் குறை என்கிறார்கள். எதைக் கேட்பது?

குறைக்க வேண்டியது இனிப்பையும் சோற்றின் அளவையும்தான். இளைத்துக்கொண்டே போகிறவர் அரைவயிறு சாப்பிடவே கூடாது. முட்டை, மீன், பயறு சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சத்து மாவு டப்பா வாங்கினால் அதில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். டிபி நோயாளிகளின் சத்துணவுக்காக அரசு பணம் தரும் நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000. வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தாயிற்றா?

பாதத்தில் எரிச்சல், மதமதப்பு. சுகராலா, மருந்தாலா?

இரண்டாலும் வரும். ஐசோநியாசிட் என்ற டிபி மருந்து நரம்பைப் பாதிக்கக்கூடியது, அதற்காகத்தான் பி6 மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். அதை விடாதீர்கள். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாவிட்டாலோ அன்றே போய்ச் சொல்லுங்கள். எத்தாம்பூட்டால் என்ற இன்னொரு டிபி மருந்து கண் நரம்பைத் தாக்கலாம். "சுகர் கண்ணுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு மாதத்திலேயே இருமல் நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி. சுகர் உள்ளவர்களுக்குச் சளியில் கிருமி மறையவே நாளாகலாம், நோய் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம். விடாத வாந்தி, கண்ணில் மஞ்சள் என்றால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மனைவிக்கு டிபி, எனக்குச் சுகர். இருமல் இல்லை. நானும் டெஸ்ட் எடுக்கணுமா?

கண்டிப்பாக. சுகர் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. அரசு ஆஸ்பத்திரியில் சளி, எக்ஸ்ரே பரிசோதனை இலவசம். நோய் இல்லையென்று தெரிந்தால் தடுப்பு மருந்து தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.