கோயிலுக்குப் போக முடியாத நாட்களில் பக்தியை எங்கே தேடுவது?

கேள்வி: “மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். அப்பா அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். எனக்கு ஈப்போ பக்கம் பேக்டரியில் பன்னிரண்டு மணி நேர சிஃப்ட். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போவதோடு சரி, மற்ற நாளில் சாமி நினைப்பே வருவதில்லை. அன்றாட வாழ்க்கையிலேயே நம்பிக்கையும் பாடமும் இருக்கிறது என்கிறார்கள். நடைமுறையில் அதை எப்படிச் செய்வது?”

பதில்:

‘எல்லாவற்றிலும் கடவுளைப் பார்’ என்ற அறிவுரை, விடிவதற்கு முன்பே பேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு எந்த வகையிலும் உதவாது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலை என்றால், மனசு அங்கே இல்லாமல் செய்தால் உங்களைக் காட்டிக்கொடுக்கிற வேலை. போனில் பக்திப் பாட்டு ஓடவிடுவது காட்டிக்கொடுக்காது. நீங்கள் எதை நினைத்துக்கொண்டிருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். சாமி படத்துக்கு முன் மின்சார விளக்கைப் போடுவதும் அப்படித்தான். எண்ணெய் விளக்கு அப்படி விடாது. அதனால்தான் முதலில் அதைச் சொல்கிறேன்.

சின்னக் காமாட்சி விளக்கு ஒன்று போதும். வியாழன் மாலையில் கழுவி வைத்தால் வெள்ளிக்கிழமைக்குத் தயாராக இருக்கும். நேராகப் புளியைப் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை புளி பித்தளையைத் தொடாது, எவ்வளவு தேய்த்தாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். முதலில் சவர்க்காரம் போட்டுப் பிசுக்கை எடுத்துவிட்டு, பிறகு நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துத் தேய்த்து உடனே அலசுங்கள். ‘நன்றாக ஊறட்டும்’ என்று புளிக்கரைசலில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போனால் பித்தளை செம்பு நிறத்தில் சிவந்துவிடும். புளிப்பு மேலாக இருக்கிற துத்தநாகத்தைத் தின்றுவிடுவதுதான் காரணம். பழைய நிறம் வர மறுபடி நிறையத் தேய்க்க வேண்டியிருக்கும்.

கழுவிய பிறகு துணியால் துடைத்து, ஒரு மணி நேரமாவது கவிழ்த்து வையுங்கள். எண்ணெய்க் குழியில் துளி ஈரம் இருந்தாலும் திரி சடசடவென்று வெடிக்கும். அதைச் சகுனம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தண்ணீர், அவ்வளவுதான்.

பஞ்சுத்திரி இரண்டைச் சேர்த்து முறுக்கி, நல்லெண்ணெயில் முழுவதும் நனைத்த பிறகு வையுங்கள். காய்ந்த திரியைக் கொளுத்தினால் எண்ணெய் ஏறுவதற்குள் பஞ்சு கருகும். கருகிய நுனி அதற்குப் பிறகு எண்ணெயைச் சரியாக உறிஞ்சாது. விளக்கின் மூக்குக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் போதும். ஒரு சென்டிமீட்டர் நீட்டினால் சுடர் உயரமாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்று எரித்து முடிக்கிற அளவைவிட அதிக எண்ணெய் மேலே போவதால் மிச்சம் புகைக்கரியாகிச் சுவரிலும் சாமி படத்திலும் படியும். பூசையறைச் சுவர் கறுத்த வீடுகளில் பெரும்பாலும் திரிதான் குற்றவாளி.

சுடர் தானாகச் சிறுத்தால் மூன்றைப் பாருங்கள்: எண்ணெய் மட்டம் தாழ்ந்திருக்கும், திரி நுனியில் கரி கட்டியிருக்கும், அல்லது அடியில் பழைய எண்ணெய் பசைபோல் தடித்திருக்கும். கடைசியதுதான் அதிகம். நேற்றைய மிச்சத்தின் மேலேயே இன்று ஊற்றி, நாளையும் ஊற்றிக்கொண்டு போகிற வீடுகளில் விளக்கு ஒழுங்காக எரியாது. எரிய வேண்டிய நேரத்துக்கு மட்டும் ஊற்றி, முடிந்ததும் துடைத்துவிடுங்கள். மலையேற்றும்போது வாயால் ஊத வேண்டாம். சின்னக் குச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் புகை வாடை இல்லாமல் அடங்கும். தாமான் வீடுகளில் சீலிங் ஃபேனும் ஜன்னல் திரையும் பெரிய தொந்தரவு. ஃபேனை நிறுத்துங்கள், விளக்கைத் தட்டில் வையுங்கள், வெளியே போகிற நேரத்தில் எரியவிடாதீர்கள்.

இதில் பாடம் எங்கே என்று கேட்பீர்கள். சுடரைப் பார்த்துத் தத்துவம் யோசிக்கச் சொல்லவில்லை. நேற்று அவசரமாகத் திரி போட்டீர்களா, நிதானமாகப் போட்டீர்களா என்பதை இன்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தினமும் ஒரு சின்ன இடத்தில் பொய் சொல்ல முடியாமல் நிற்பது பழகிவிட்டால், கும்பிடுவது தனியாக வராது, அதோடு சேர்ந்தே வரும்.

உங்கள் பெற்றோரின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கோலகங்சாரில் 1877இலேயே ரப்பர் கன்று நட்டார்கள். பிரேசில் காட்டில் அப்போது மரத்தைக் கோடாலியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள், மரம் பாழானது. கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவுகிற முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ரிட்லி சீர்செய்தார். தோட்டத்துத் தமிழர்கள் கையில் வந்தது அந்த முறைதான்.

வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை உரித்து, பால் வடிகிற கிண்ணமான மங்கைத் துடைத்துவிட்டு, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகக் கத்தி இறங்கும். சரிவு சுமார் முப்பது பாகை. பட்டைக்குள் பால்குழாய்கள் இதற்கு எதிர்ச்சாய்வில் ஏறுவதால் இந்தத் திசையில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். உள்ளே கட்டைக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் விட்டுவைக்க வேண்டும். விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், குழாய்க்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும்.

கத்தி ஆழமாக இறங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில சமயம் பால் கூடுதலாகக்கூட வரும். ஆனால் காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். ஏழெட்டு வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்ப வரும்போது கத்தி குதிக்கும், பால் கோட்டைவிட்டு வழியும். அப்போது அந்த நிரையில் (மர வரிசையில்) நிற்பவர் வேறு ஒருவராக இருக்கலாம். யாரும் பார்க்காத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், பின்னால் வரப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காகக் கையை அடக்கிக்கொள்வது, என் கணக்கில் பக்திதான். வேலையை மேற்பார்க்கும் தண்டல் எல்லா மரத்தையும் பார்த்துவிட முடியாது.

நாள்விட்டு நாள் வெட்டுவதும் அதே அடக்கம்தான். பேராசையில் தினமும் சீவினால் சில மரங்களில் பட்டை உள்ளே காய்ந்து, பால் அடியோடு நின்றுவிடும். ஓய்வு கொடுத்தாலும் எல்லா மரமும் திரும்புவதில்லை.

மழை விஷயத்தையும் சொல்ல வேண்டும். மரம் வளர மழை வேண்டும். ஆனால் விடியற்காலை மழை பெய்தால் கோடு நனைந்து பால் மரத்தின் மேலேயே வழிந்து வீணாகும். ஈரமான வெட்டில் பூஞ்சை பிடித்துப் பட்டை அழுகும். அன்று வெட்டு இல்லை, கூலியும் குறையும். ‘மழை வேண்டும், காலையில் மட்டும் வேண்டாம்’ என்று நேரம் குறித்துக் கேட்கிற வேண்டுதல் இப்படிப்பட்ட வேலையிலிருந்துதான் வரும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்த வேண்டுதலில் அடுத்த நாள் சோறே அடங்கியிருந்தது. நமக்கு மாதச் சம்பளம் வங்கியில் ஏறிவிடுவதால், எதைக் கேட்பது என்பதே மங்கிப்போய்விட்டது. உங்களுக்குச் ‘சாமி நினைப்பு வரவில்லை’ என்பதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாமாயில் தரும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிற சொந்தக்காரர் இருந்தால் உதிரிப் பழத்தைப் பற்றிக் கேளுங்கள். குலையை லோரியில் ஏற்றிவிட்டுத் தரையில் கிடப்பதை விட்டுப்போவது எளிது, குனிந்து பொறுக்கத்தான் சோம்பல். நன்றாகப் பழுத்தது அதுதான், எண்ணெய் அதிகமும் அதில்தான்.

வாசல் கோலமும் சரியான வேலை, ஆனால் சிஃப்டுக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. பேராக் மழையில் பச்சரிசி மாவு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பஸ் தவறியதிலும் டயர் பஞ்சரானதிலும் ‘முனீஸ்வரன் ஏதோ சொல்கிறார்’ என்று தேட ஆரம்பித்தால் சில மாதத்தில் மனசு களைத்துவிடும், அல்லது பயந்துவிடும். டயர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

பேக்டரிக்குள்ளும் ஒரு வேலையைக் குறித்துக்கொள்ளலாம். மெஷினை அடுத்த சிஃப்ட்காரரிடம் ஒப்படைப்பதற்கு முன் துடைத்து, கோளாறு இருந்தால் குறிப்பேட்டில் உள்ளபடி எழுதுவது நல்ல தேர்வு. உங்கள் பெற்றோர் பட்டையில் விட்டுவைத்த ஒரு மில்லிமீட்டரும் இதுவும் ஒரே வகை.

நேர ஏற்பாடு இப்படி வையுங்கள். பகல் சிஃப்ட் வாரத்தில் வீட்டுக்கு வந்து குளித்த பிறகு, பசியாறுவதற்கு முன் விளக்கு. பத்து நிமிடம் போதும், போன் வேறு அறையில் இருக்கட்டும். இரவு சிஃப்ட் வாரத்தில் மாலை விளக்கை வீட்டில் இருப்பவர் ஏற்றட்டும். நீங்கள் காலையில் வந்து பழைய எண்ணெயைத் துடைத்து, திரி மாற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு விளக்கு ஏற்றி ஈடுகட்ட வேண்டாம். விளக்கில் தூசி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, வழக்கம்போல் ஒன்றை ஏற்றுங்கள்.