எப்போதும் இந்தியன் செக்‌ஷன்தானா? மொரீஷியஸில் இருக்கும் ஒரு தம்பிக்கு

கேள்வி: எனக்கு விருதுநகர் பக்கம். கேட்டரிங் டிப்ளமோ முடித்துச் சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். இப்போது மொரீஷியஸில், கிராண்ட் பே பக்கம் ஒரு ரிசார்ட்டில் கோமி, அதாவது கடைநிலைச் சமையல்காரன். தமிழன் என்பதால் வந்த நாளிலிருந்து இந்தியன் செக்‌ஷன்தான். காலையில் தோசை கவுண்டர், ராத்திரி பட்டர் சிக்கன், நான், பிரியாணி. மெயின் கிச்சனில் இருப்பவர்கள் மேலே போகிறார்கள், நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கூட இருந்த இரண்டு பேர் சுற்றுலாக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பா போனில், 'சமையல்காரனாவே இருந்துடப் போறியா' என்று கேட்கிறார். கப்பலுக்குப் போகட்டுமா, வேறு ஹோட்டலுக்கு மாறட்டுமா? இந்தத் தொழிலில் உருப்படியாக ஏதாவது ஆக முடியுமா, அண்ணே?

பதில்: முடியும், தம்பி. ஆனால் ஹோட்டலை மாற்றும் முன்னால் செக்‌ஷனை மாற்றுங்கள். கப்பல், பர்மிட், அப்பா எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துவிடுவோம்.

பெரிய ஹோட்டல் கிச்சன்கள் இன்றைக்கும் பிரெஞ்சு செஃப் எஸ்கோஃபியே போட்டுக் கொடுத்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் சவாய் ஹோட்டலில் அவர் சமையலறையைச் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். கோமி, டெமி (கோமிக்கு அடுத்த படி), சிடிபி (செக்‌ஷன் தலைவர்), சூ செஃப் (பெரிய செஃப்புக்கு அடுத்தவர்), எக்ஸிக்யூட்டிவ் செஃப் (பெரிய செஃப்) என்ற படிகளுக்கு அதுதான் அடிப்படை. படிக்குப் படி சம்பளம் கூடுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உண்மையில் கூடுவது பொறுப்பு. கோமி, மேலே இருப்பவர் சொன்னதைச் செய்பவர். சிடிபி, தன் செக்‌ஷனில் எது பிசகினாலும் பதில் சொல்ல வேண்டியவர். சூ செஃப் என்றால், பெரிய செஃப் லீவில் இருக்கும் அன்று சாஸ் திரிந்தாலும், மீன் சரியில்லாமல் வந்தாலும், பேக்கரியில் ஆள் வராவிட்டாலும் தானே இறங்கி நிற்க வேண்டியவர். ஒரே செக்‌ஷனில் வருடக்கணக்காக இருந்தவரை அந்த இடத்தில் வைக்க எந்த எக்ஸிக்யூட்டிவ் செஃப்பும் யோசிப்பார். ஊரையும் நிறத்தையும் பார்த்து ஒதுக்குகிற இடங்களும் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் தடையாக இருப்பது, உங்கள் கை வேறு எங்கேயும் வேலை செய்து யாரும் பார்க்கவில்லை என்பதுதான்.

இந்தியன் செக்‌ஷன் ஒன்றும் மட்டமில்லை. இந்தியாவிலிருந்து கல்யாண கோஷ்டிகள் இந்தத் தீவுக்கு வருகின்றன. நல்ல இந்தியன் ஸ்பெஷாலிட்டி செஃப்புக்கு மரியாதையும் சம்பளமும் உண்டு. அதை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் அது ஒரு வாழ்க்கை. யாரோ நிறுத்திவைத்ததால் நின்றுகொண்டிருந்தால் அது வெறும் டியூட்டி.

எப்படிக் கேட்பது? டிசம்பரில் கேட்காதீர்கள். அப்போது ஹோட்டல் நிரம்பி வழியும், செஃப் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம், கூட்டம் குறைவு, அதுதான் நேரம். 'செஃப், வாரத்தில் இரண்டு ஷிஃப்ட் கார்ட் மான்ஜேயில் (சாலட் மாதிரி குளிர்ந்த உணவு செய்யும் இடம்) நிற்கிறேன். என் செக்‌ஷன் முன்தயாரிப்பை முதல் நாளே முடித்துவிட்டு வருகிறேன்' என்று தெளிவாகக் கேளுங்கள். 'எனக்கு வளர்ச்சி வேண்டும்' என்று மொட்டையாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாள், எந்த செக்‌ஷன், உங்கள் இடத்தில் யார் நிற்பார் என்று நீங்களே சொல்லிவிட்டால், அவர் தலையை ஆட்டினால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கற்றுக்கொள்கிறேன் என்று தினமும் பிரேக் ஷிஃப்ட்டில் காலை வேலைக்கும் ராத்திரி வேலைக்கும் நடுவே வரும் இடைவேளையை இலவசமாகக் கொடுக்காதீர்கள். இங்கே 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணிதான், அதற்கு மேல் செய்தால் ஓவர்டைம் உண்டு. கற்றுக்கொடுப்பதும் கிச்சனின் வேலைதான். நீங்கள் பிச்சை கேட்கவில்லை.

முதலில் கார்ட் மான்ஜே போங்கள், கத்தி படியும். அப்புறம் புட்சரியும் (இறைச்சி வெட்டும் இடம்) மீனும். அதற்குப் பிறகு சாஸ் செக்‌ஷன். அங்கே போகும்போது ஸ்டாக்கில், அதாவது எலும்பை வேகவைத்து எடுக்கும் சாற்றில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் ஒரு ஆளின் பொறுமை அங்கேதான் தெரியும். கோழி எலும்பைக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் ஏற்றுவார்கள். சுடுதண்ணீரில் போட்டால் எலும்பிலிருந்து இறங்கும் புரதம் சட்டென்று உறைந்து உள்ளேயே கலந்து, ஸ்டாக் கலங்கிவிடும். மெதுவாகச் சூடேறினால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், கரண்டியால் ஓரமாக எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் நுரையும் திரும்ப உள்ளே போய்விடும். மூடி வேண்டாம், கிளற வேண்டாம், உப்பும் வேண்டாம். பிறகு அதையே சாஸுக்காகச் சுண்டவைக்கும்போது உப்பு கரிக்கும். கோழிக்கு மூன்று நான்கு மணி நேரம். மீன் எலும்பு என்றால் 20 முதல் 30 நிமிடம், அதற்கு மேல் போனால் கசக்கும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது என்று வீட்டில் பார்த்து வளர்ந்த கண் உங்களுக்கு இருக்கிறது. பிரெஞ்சு கிச்சன் கேட்பதும் அதே கண்தான். 'நம்ம சமையல் வேற, அவங்க சமையல் வேற' என்று பயப்பட இங்கே எதுவும் இல்லை.

அடுப்பை அணைத்த பிறகு வருவது இன்னும் முக்கியம். 40 லிட்டர் ஸ்டாக்கை அப்படியே வாக்-இன் குளிர் அறையில் தள்ளிவிட்டால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருக அதைவிட நல்ல இடம் கிடையாது. 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வையுங்கள், இல்லாவிட்டால் உயரம் குறைந்த ட்ரேக்களில் பிரித்து ஊற்றுங்கள். உங்கள் பிரியாணி அரிசிக்கும் இதே கதைதான். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து, வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அது முளைத்து விஷத்தைக் கக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. ஹசாப் ஷீட்டில் (உணவுப் பாதுகாப்புப் பதிவுத் தாள்) வெப்பநிலையை மனதுக்குத் தோன்றியபடி எழுதி நிரப்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து எழுதுங்கள். நாலு மாதத்தில் சூ செஃப் உங்கள் ஷீட்டைச் சரிபார்ப்பதை நிறுத்திவிடுவார். ப்ரமோஷன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது கணக்கு. நம் பையன்கள் நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். மொரீஷியஸ் சாப்பிடுவதில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. இங்கே வீணடிப்பது ஊரில் வீணடிப்பதைவிடச் செலவு. ஒரு பேச்சுக்கு, முழு மீன் கிலோ 300 ரூபாய் என்று 10 கிலோ வாங்குகிறீர்கள். தலை, முள், தோல் போக 4.5 கிலோ ஃபில்லே, அதாவது முள்ளில்லாத சதை தேறுகிறது. அப்போது ஃபில்லே கிலோவுக்கு 300 இல்லை, 667 ரூபாய். தட்டுக்கு 180 கிராம் வைத்தால் மீன் மட்டும் 120 ரூபாய். சாஸ், காய், வெண்ணெய் எல்லாம் சேர்ந்து தட்டு 200 ரூபாய் ஆகிறது, ஃபுட் காஸ்ட், அதாவது விற்கும் விலையில் பொருளுக்கான செலவு, 30 சதவீதம் என்றால் மெனுவில் ஏறக்குறைய 670 ரூபாய் போட வேண்டும். கத்தி சரியாகப் போகாமல் ஃபில்லே 4 கிலோவாகக் குறைந்தால் கிலோ 750 ஆகிவிடும். இந்தக் கணக்கை வாயால் சொல்லத் தெரிந்த கோமியை நான் பார்த்தால் அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வேன். ஸ்டோர் கீப்பரிடம் நட்பாக இருந்து, தினமும் இரண்டு பொருளின் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டாலே போதும்.

இந்தத் தீவை விட்டுவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வரும் விருந்தாளிக்கு ட்ரஃபிள் காளான் புதுசு இல்லை. புகைபோட்ட மார்லின் மீன், பனங்குருத்து சாலட், இங்கத்து மான்கறி, ரோத்ரிக் தீவு ஆக்டோபஸ், விக்டோரியா அன்னாசி, இதெல்லாம்தான் புதுசு. வறுத்த மீனைக் கடுகு, மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம், வினிகரில் ஊறவைக்கும் விந்தாயைக் கூட வேலை செய்யும் மொரீஷியஸ்காரர் ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒரு பக்குவம் சொல்வார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். தைப்பூசக் காவடி வரும்போது லீவு கிடைத்தால் கோயில் சமையலுக்குக் கை கொடுக்கப் போங்கள். பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த நம் ஆட்கள் வாழையிலையில் போடும் ஏழு கறியைப் பாருங்கள். பூசணிக்காய், வாழைக்காய், பலாக்காய், ரசம் எல்லாம் நாம் அறிந்ததுதான், ஆனால் மசாலா இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாறியிருக்கும். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று நாக்கால் புரிந்துகொள்ளும் தமிழ்ச் சமையல்காரர், பஃபேயில் வெறும் பட்டர் சிக்கன் ஊற்றுகிறவராக ரொம்ப நாள் இருக்க மாட்டார். மெனு யோசனை கேட்டு செஃப் அவரைக் கூப்பிடுவார்.

மொழி ஒரு தனி விஷயம். ஆர்டர் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ வரலாம், ஆனால் கிச்சன் பேசுவது இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோல். சாயங்காலம் இந்திக்காரர்களோடும் நம் ஆட்களோடும் மட்டும் உட்கார்ந்தால் அது வராது.

சரி, கப்பல். கப்பலுக்குப் போவது தப்பில்லை, எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கடலோடிகளுக்கான எஸ்டிசிடபிள்யூ பாதுகாப்புப் பயிற்சி, சிடிசி (கடலோடிப் பதிவுப் புத்தகம்), மெடிக்கல் எல்லாம் முடித்து ஏறினால் ஆறு முதல் ஒன்பது மாதம் காண்ட்ராக்ட். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பதால் பணம் நிற்கும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் சுகாதாரச் சோதனை கடுமை. 100-க்கு 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் கப்பல் தோற்றது. அந்த ஒழுங்கு உடம்பில் ஊறிவிடும், அது பெரிய லாபம். நஷ்டம் என்ன என்றால், ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் இடத்தில் நீங்கள் காண்ட்ராக்ட் முழுக்க ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். இப்போது கோமியாக, ஒரே செக்‌ஷன் தெரிந்தவராக ஏறினால் அங்கேயும் இந்தியன் செக்‌ஷன்தான் காத்திருக்கும். மூன்று செக்‌ஷனில் நின்றுவிட்டு டெமியாக ஏறுங்கள். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஹோட்டல் மாறுவதில் நீங்கள் கவனிக்க வேண்டியது பர்மிட். இங்கே உங்கள் வேலை அனுமதி, வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது. புது ஹோட்டல் புதுசாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வருமுன் கோபத்தில் ராஜினாமா எழுதிவிடாதீர்கள். யாராவது பர்மிட் மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்டால் அந்த ஆளின் பக்கமே போக வேண்டாம்.

படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் டிப்ளமோ போதும். எபேனில் இருக்கும் சர் கேத்தான் டுவால் ஹோட்டல் பள்ளியில் குறுகிய பயிற்சி ஏதாவது நடக்கிறதா என்று உங்கள் ட்ரெயினிங் மேனேஜரிடம் விசாரியுங்கள், ஹோட்டலே அனுப்பினால் போங்கள். பெல் மாரில் 2006-இல் ஆரம்பித்த பெர்னார் லுவாசோ சமையல் விழாவில் ஐரோப்பாவின் மிஷலன் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய செஃப்களோடு இந்தியப் பெருங்கடல் தீவுகளின் செஃப்கள் ஜோடி சேர்ந்து போட்டியில் சமைத்திருக்கிறார்கள். தீவுக் கிச்சனில் வளர்ந்தவர்கள் அந்த மேடையில் நின்றிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றி ஒரே வார்த்தை: நல்ல ஷூ வாங்குங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் குடி என்று இருக்கும் கூட்டத்தில் சேராதீர்கள். கைப்பக்குவம் உள்ள எத்தனையோ பேரை அது தின்றுவிட்டது.

அப்பாவுக்கு வருகிறேன். அவர் கேட்பதில் இளப்பம் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கண்ட சமையல்காரர்கள் கல்யாண வீட்டில் புகையில் வெந்து, கூலிக்குக் காத்து நின்றவர்களாக இருக்கலாம். மகனுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறார். வாதம் செய்யாமல், வீடியோ காலில் உங்கள் கிச்சனைக் காட்டுங்கள், லீவு நாளில், செஃப்பிடம் அனுமதி வாங்கி. உங்கள் ஸ்டேஷன், நீங்கள் எழுதிய ஷீட், உங்கள் பெயர் போட்ட கோட்டு, எல்லாம் காட்டுங்கள். ஊருக்குப் போகும்போது ஒருநாள் அவருக்கு நீங்களே சமைத்துப் போடுங்கள். மீன் நன்றாகச் செய்யக் கற்றிருப்பீர்கள், அதைச் செய்யுங்கள்.

ஜூனில் கேட்டு, செஃப் மறுத்து, செப்டம்பரில் திரும்பக் கேட்டும் மறுத்தால், அப்போது வேறு ஹோட்டல் தேடுங்கள். நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால், 'என்னை எந்த செக்‌ஷனில் போடுவீர்கள், எத்தனை மாதத்தில் மாற்றுவீர்கள்' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்க முடியாது, ஆனால் கேட்டதும் அந்த செஃப் யோசிக்கிறாரா மழுப்புகிறாரா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். மழுப்பினால் அங்கே சேராதீர்கள்.