பழைய பார்ட்டி விலகினால் என்ன செய்வது? தொழில் செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைத்தான் சொல்கின்றன. பத்து, பதினைந்து வருஷமாக வேலை கொடுத்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். பழைய வாடிக்கையாளர் போகும்போது வருமானம் போகிறது. கூடவே, மதித்தவர் கைவிட்டுவிட்டாரே என்று மனசிலும் அடி விழுகிறது. சிறு தொழில்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் என் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். ரோஷத்தில் பாக்கியைக் கேட்காமல் விடுகிறார்கள், பயத்தில் ரேட்டை இறக்குகிறார்கள். கீழே உள்ள பதில்களை அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

கோவை கணபதியில் லேத் வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு 16 வருஷமாக ஷாஃப்ட் டர்னிங் ஜாப் ஒர்க் (அவர்கள் தரும் பொருளைக் கூலிக்குக் கடைந்து கொடுப்பது) செய்தேன். இப்போது அவர்களே சிஎன்சி (கணினி மூலம் ஓடும் மெஷின்) போட்டுவிட்டார்கள். என் வேலையில் முக்கால்வாசி அவர்களுடையது. இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், மெஷின் லோன் ஓடுகிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் உங்கள் வேலை சரியில்லை என்று போகவில்லை. மாதாமாதம் ஒரே அளவு ஷாஃப்ட் ஆயிரக்கணக்கில் தேவைப்படும் கம்பெனி என்றாவது சொந்த மெஷின் போடத்தான் செய்யும். 16 வருஷம் ரிஜெக்‌ஷன் இல்லாமல் ஓட்டியவர் நீங்கள். அந்தக் கைத்திறன் உங்களிடமேதான் இருக்கிறது.

இப்போது கணக்கு. வேலையே வராவிட்டாலும் மாதம் கட்டியே ஆக வேண்டிய பணம் எவ்வளவு என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக, வாடகை 12,000, இரண்டு பேர் சம்பளம் 40,000, தவணை 18,000, கரண்ட் நிலைக்கட்டணமும் சில்லறையும் 5,000 என்றால் மொத்தம் 75,000 ரூபாய். வீட்டுச் செலவு இதில் இல்லை, அதைத் தனியாகச் சேருங்கள். கையிருப்பும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்து இதற்கு எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். மூன்று மாதம் என்று வந்தால் உங்களுக்கு இருக்கும் அவகாசம் மூன்று மாதம். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தெரியாத தொகைதான். தெரிந்துவிட்டால் வேலை பார்க்க மனசு வரும்.

வங்கிக்குத் தவணை தவறும் முன்பே போங்கள். 90 நாள் தாண்டினால் கடன் வாராக் கடன் பட்டியலில் போய்விடும், அப்புறம் மேனேஜரே நினைத்தாலும் கை கட்டப்பட்டதுபோல்தான். சிறு தொழில்களின் கடனைச் சீரமைக்க 2015-ல் மத்திய அரசு அறிவித்த வழிமுறை ஒன்று உண்டு. வங்கி கூப்பிடும்வரை காத்திருக்காமல் தொழில் செய்பவரே அதன்படி விண்ணப்பிக்கலாம். ஆர்டர் நின்ற கடிதம், கணக்கு வழக்கு, இனி எங்கிருந்து வேலை வரும் என்ற குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். அதேபோல் கரண்டு. மெஷின் சும்மா நின்றாலும் வாங்கி வைத்த லோடுக்கு (இணைப்பில் அனுமதித்த மின் அளவுக்கு) நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மெஷினை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் லோடைக் குறைக்க மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஆட்களிடம் மறைக்காதீர்கள். ஷெட்டுக்கு ரா மெட்டீரியல் வருவது நின்றதுமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். "இன்ன தேதி வரைக்கும் சம்பளம் உறுதி, அதற்குள் வேலை பிடிக்கப் பார்க்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கூடப் பத்து வருஷம் நின்றவருக்கு அவ்வளவாவது நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி அந்தக் கம்பெனி. அவர்களுடைய கம்பிகள், ஃபிக்சர், கேஜ், டிராயிங் எல்லாவற்றையும் டெலிவரி சலான் போட்டு, பட்டியலில் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். ஜாப் ஒர்க்குக்கு வந்த மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. கணக்கு முடியாமல் உங்கள் ஷெட்டில் கிடந்தால் பாக்கி கேட்கும் நேரத்தில் அதையே காரணமாகக் காட்டுவார்கள். கொடுக்கப் போகும் அன்றைக்கே தயங்காமல் ஒன்று கேளுங்கள். சிஎன்சிக்கு நிறைய எண்ணிக்கை வேண்டும். பழைய மாடல் ஸ்பேர், பத்து இருபது பீஸ் சாம்பிள், ரீவொர்க், அவசர வேலை இவற்றுக்காக செட்டிங் மாற்றுவது அவர்களுக்குக் கட்டாது. "அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்" என்று பர்ச்சேஸில் மட்டும் சொல்லாமல் புரொடக்‌ஷன் பார்ப்பவரிடமும் சொல்லுங்கள். உங்கள் அருமை தெரிந்தவர் அவர்தான்.

வெளியே என்று பார்த்தால் மோட்டார் ரீவைண்டிங் கடைகள், மில்களின் மெயின்டனன்ஸ் பிரிவு, கிரைண்டர் செய்பவர்கள், உணவு மெஷின் பட்டறைகள் என்று கோவையில் ஷாஃப்ட் கடையத் தெரிந்தவருக்குப் போக இடம் இருக்கிறது. வேலை சின்னதாகத்தான் வரும், பில் நிறைய எழுத வேண்டியிருக்கும். ஆனாலும் இனிமேல் எந்த ஒரு பார்ட்டியும் உங்கள் வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 16 வருஷம் நல்லபடியாகப் போனதால்தான் முக்கால்வாசி ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது. நல்ல காலத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

அம்பத்தூரில் பவுடர் கோட்டிங் செய்கிறேன். பத்து வருஷ கஸ்டமர் வேலை தருவதை நிறுத்திவிட்டார். 1,80,000 ரூபாய் பாக்கி. கறாராகக் கேட்டால் திரும்ப வரவே மாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

கேளுங்கள். பாக்கி இருக்கும்வரை அவர் உங்கள் கண்ணில் படவே கூச்சப்படுவார். அந்தக் கூச்சமே அவரை வேறு கடைக்கு அனுப்பிவிடும். பணம் தீர்ந்த பிறகு திரும்பி வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆதாரை வைத்து அரசு இணையதளத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பதிவுக்கு முந்தைய பில்களுக்கு எதிர்த்தரப்பு ஆட்சேபம் கிளப்பும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்றே சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் வசதியாக்கல் மன்றங்கள் இருக்கின்றன. மனுவை இணையத்தில் போடலாம், மாவட்டத் தொழில் மையத்தில் வழி கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் மன்றத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். முதலில் பில் வாரியாகப் பாக்கிப் பட்டியல் ஒன்றை அனுப்பி, "சரிபார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். செய்த வேலைக்கான பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் எழுத்தில் ஒப்புதல் வாங்கினால் கெடு புதிதாக ஆரம்பிக்கும். பிறகு நேரில் போய் மூன்று தவணையாகக் கேளுங்கள். அவருக்கும் இதில் லாபம் உண்டு. ஜிஎஸ்டி பில் என்றால் 180 நாளுக்குள் பணம் தராதபோது, எடுத்த உள்ளீட்டு வரியை (உங்கள் பில்லின் ஜிஎஸ்டிக்காகத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) அவர் திருப்பிக் கட்ட வேண்டும். குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டிக் கொடுக்கும் பணத்தைக் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். இதையெல்லாம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், அவருடைய ஆடிட்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். எதற்கும் அசையவில்லை என்றால் அப்புறம் தயங்காமல் மனு போடுங்கள். அது நீங்கள் உழைத்த காசு.

சிவகாசியில் சின்ன பிரஸ். காலண்டர் ஆர்டர் தரும் பழைய ஏஜென்ட், வேறு இடத்தில் 15 சதவீதம் குறைவு என்கிறார். குறைத்துக் கொடுத்துப் பிடித்து வைக்கலாமா?

கூடாது. 100 ரூபாய் விலையில் உங்களுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 85-க்குக் கொடுத்தால் 5 ரூபாய்தான் நிற்கும். பழைய லாபத்தை எடுக்க நான்கு மடங்கு அச்சடிக்க வேண்டும். விலையை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வேலையையும் சேர்த்து மாற்றுங்கள். பேப்பர் கனத்தைக் குறையுங்கள், டிசைனை மூன்றோடு நிறுத்துங்கள், பாதிப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். அதே வேலைக்குக் குறைத்தால் இத்தனை வருஷம் கூட வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

மதுரையில் வீட்டிலேயே தையல் தொழில். ஒரு குடும்பத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் தைத்தேன். பொண்ணு கல்யாணத்துக்கு அத்தனை ஜாக்கெட்டும் பொட்டிக்கில் கொடுத்துவிட்டார்கள். என் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். ஏன் என்று கேட்கலாமா அண்ணா? கேட்டால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது.

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. சட்டைப் பாவாடையிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்த கை உங்களுடையது. கல்யாண ஜாக்கெட்டும் நம்மிடம் வரும் என்று எதிர்பார்த்ததில் தப்பே இல்லை.

"ஏன்" என்று இப்போது கேட்க வேண்டாம். கல்யாண வேலைக்கு நடுவில் அந்தக் கேள்வி அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். பதிலாக ஒரு சமாதானம்தான் கிடைக்கும், உண்மை கிடைக்காது. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் போகட்டும். "அக்கா, பாப்பா கல்யாண ஜாக்கெட் அழகா இருந்துச்சு, போட்டோ பார்த்தேன். அந்த மாதிரி ஆரி வேலைக்கு இப்ப நானும் ஆள் வச்சுத் தர்றேன். தீபாவளிக்குச் சொல்லுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். ஆள் வைத்த பிறகு அனுப்புங்கள், வைக்காமல் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தைத்த மாதிரியே மகளுக்கும் தைத்தோமா? பிரின்சஸ் கட், கப் வைத்த ஜாக்கெட், பின்கழுத்து டிசைன் என்று அவள் வயதுப் பெண்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி கொக்கி வைத்துக் கொடுக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். பொட்டிக்குக்குப் போகிறவர்களில் பலர் டிசைனுக்காகப் போவதில்லை, சொன்ன தேதிக்குத் தருவார்கள் என்று போகிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவுடைய அளவு ஜாக்கெட் இன்னும் உங்களிடம்தான் இருக்கும். சாதா ஜாக்கெட்டுக்கு அந்த அக்கா வருவார். வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் தைத்துக் கொடுங்கள்.

சென்னையில் எலக்ட்ரீஷியன். 12 வருஷம் பார்த்த அபார்ட்மென்ட்டை அசோசியேஷன் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. எந்த லைன் எங்கே போகிறது என்று எனக்குத்தான் தெரியும். புது ஆட்கள் போன் செய்து கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

சொல்லிக் கொடுங்கள், ஆனால் போனில் வேண்டாம். அசோசியேஷன் செக்ரட்டரியிடம் ஒரு நாள் கூலி பேசி நேரில் போங்கள். எந்த டிபியில் (மின் பகிர்வுப் பெட்டியில்) எந்த பிளாக், சம்ப் மோட்டார் பேனல், ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவர், எர்த் குழி எங்கே என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மறைத்து வைத்தால் நாளைக்குத் தெரியாத ஒருவர் தவறான இடத்தில் கை வைத்து ஷாக் அடிக்கும். அந்தப் பாரம் நமக்கு வேண்டாம். வீட்டுக்குள் வேலைக்கு அங்கே குடியிருப்பவர் கூப்பிட்டால் கேட்டில் அவர் பெயர் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். பொது லைனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாகர்கோவில். என் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறார். முப்பது வருஷமாக வேலை கொடுத்த பெரியவர் இரண்டு மாதத்துக்கு முன் இறந்துவிட்டார். மகன்கள் வீட்டை விற்கிறார்கள். இவர் உளியைத் தொடுவதே இல்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. வேலை இல்லாத வருத்தமா, வேறு ஏதுமா?

வேறுதான். உறவுக்காரர் இறந்தால் ஊரே வந்து துக்கம் விசாரிக்கும். வேலை கொடுத்தவர் இறந்தால் யாரும் ஆசாரியிடம் வந்து விசாரிப்பதில்லை. அந்த வீட்டின் கதவு, ஜன்னல், பேரன் தொட்டில் எல்லாம் இவர் கை பட்டவை. வீடு விற்பது இவருக்கு இரண்டாவது சாவு.

"வேலைக்குப் போங்க" என்று தள்ளாதீர்கள். பெரியவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். வீடு கைமாறும் முன் மகன்களிடம் சொல்லி ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அவர் செய்த ஏதாவது ஒரு சாமான் வேண்டாம் என்று கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வேலையைப் பொறுத்தவரை பெரிய கான்ட்ராக்ட் இப்போது வேண்டாம். பக்கத்து வீட்டு ஸ்டூல், கோணிப்போன கதவு என்று அரை நாளில் முடிகிறவையாகத் தொடங்கட்டும்.

இரண்டு மாதமாகச் சாப்பாடு குறைந்திருக்கிறது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடி கூடினாலோ, "இனி எதுக்கு" என்கிற பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். நீங்களே முதலில் கூப்பிட்டுப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது, கூடவே போய் வாருங்கள்.

கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். போன வருஷம் சொல்லாமல் வேறு ஆளிடம் போன பழைய மண்டபக்காரர், தை மாதத்துக்குத் திரும்பக் கூப்பிடுகிறார். போகலாமா?

தேதி காலியாக இருந்தால் போங்கள். பழைய ரேட்டுக்குப் போகாதீர்கள், மளிகை விலை பார்த்துப் புது ரேட் சொல்லுங்கள். அவர் விலகிய பிறகு உங்களை நம்பி வந்தவர்களின் முகூர்த்தத் தேதியை இவருக்காகத் தள்ளவே கூடாது. போன வருஷம் ஏன் போனார் என்பதை இவரிடம் கேட்கலாம், திரும்பி வந்திருப்பதால் உள்ளதைச் சொல்வார். மெனுவையும் இலை எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கையில் வந்த பிறகே ஆட்களுக்குத் தேதி சொல்லுங்கள்.