வாசகர் கேள்வி – பதில்: காசில் பெயர் பதித்த தளபதி

கேள்வி: பழைய நாணயங்கள் சேர்க்கும் என் மகனிடம் ஈக்வடார் நாட்டுக் காசு ஒன்று இருக்கிறது. அதில் ‘சூக்ரே’ என்று பொறித்திருக்கிறது. பொலிவியாவில் ஒரு நகரத்துக்கும் அதே பெயர் என்கிறான். யார் இந்த சூக்ரே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: காசும் நகரமும் ஒருவர் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. அந்தோனியோ ஹோசே தே சூக்ரே 1795இல், இன்றைய வெனிசுவேலாவைச் சேர்ந்த குமானா நகரில் பிறந்தவர். ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான போரில் இளம் வயதிலேயே சேர்ந்து, அந்த விடுதலைப் போரின் தலைவர் சிமோன் பொலிவாரின் நம்பிக்கைக்குரிய தளபதியாக உயர்ந்தார். 1822 மே மாதத்தில், இரவோடிரவாகப் பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் படையை ஏற்றி, 24ஆம் தேதி அங்கே நடந்த போரில் வென்று, இன்றைய ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவை விடுவித்தார்.

ஆனாலும் சூக்ரே என்றதும் நினைவுக்கு வருவது பெரு நாட்டின் மலைநாட்டில், 1824 டிசம்பர் 9 அன்று நடந்த அயாகூச்சோ போர்தான். பொலிவார் அன்று களத்தில் இல்லை. பொறுப்பு முழுவதும் 29 வயது சூக்ரேயின் தலையில் இருந்தது. அவரிடம் ஆறாயிரத்துக்கும் குறைவான வீரர்கள். எதிரில் ஸ்பானிய அரசப் பிரதிநிதி லா செர்னாவின் பெரும்படை. இரு அணியிலும் உறவினரும் பழைய நண்பர்களும் எதிரெதிராக நின்றதால், போர் தொடங்குமுன் அவர்கள் இடைவெளியில் சந்தித்துத் தழுவிக்கொள்ள அனுமதி கிடைத்தது. விடைபெற்றுத் திரும்பியவர்கள் சற்று நேரத்தில் ஒருவரையொருவர் சுட்டார்கள். மாலைக்குள் லா செர்னா காயத்துடன் சிறைப்பட்டார்.

வெற்றியைவிட, அதன்பின் சூக்ரே ஒப்புக்கொண்ட சரணாகதி விதிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். தோற்ற படையினர் தாய்நாடு திரும்ப விரும்பினால் வழிச்செலவைப் பெரு அரசே ஏற்கும். விரும்புவோர் அதே பதவியோடு பெருவின் படையில் சேரலாம். பல்லாண்டுகள் இருதரப்பும் பழிக்குப் பழி வாங்கிய ஒரு போரின் முடிவில், வென்றவர் இவ்வளவு விட்டுக்கொடுத்தது அரிது.

பின்னர் பொலிவியாவின் குடியரசுத் தலைவரானார். ஆயுட்காலத் தலைமைக்கே அரசியல் சட்டத்தில் இடமிருந்தும், இரண்டாண்டுகள் மட்டும் இருப்பதாகச் சொல்லித்தான் பதவியேற்றார். 1828இல் சுகிசாகாவில் நடந்த படைக்கலகத்தில் கையில் குண்டுபட்டு, பதவி விலகிக் கீட்டோவுக்குப் போய்விட்டார். அந்தச் சுகிசாகாதான் பின்னாளில் சூக்ரே என்று பெயர் மாறிய நகரம். சட்டப்படி அதுவே தலைநகர். அரசு இயங்குவது லா பாஸிலிருந்து.

உங்கள் மகனின் காசுக்கு வருவோம். ஈக்வடார் 1884இல் தன் நாணயத்துக்கு சூக்ரே என்று பெயரிட்டது. 2000ஆம் ஆண்டில், ஒரு டாலருக்கு 25,000 சூக்ரே என்ற கணக்கில் அதைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறியது.

கேள்வி: சூக்ரே போரில் இறந்தாரா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. 1830 ஜூன் 4 அன்று, பொகோட்டாவிலிருந்து மனைவியும் கைக்குழந்தையும் இருந்த கீட்டோவுக்குத் திரும்பும் வழியில், பாஸ்தோ அருகே பெர்ருவேகோஸ் மலைக்காட்டில் மறைந்திருந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. கொலைக்காக அப்போலினார் மொரிய்யோ என்பவர் 1842இல் மரண தண்டனை பெற்றார். தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட தளபதி ஒபாண்டோவோ 1853இல் நியூ கிரனாடாவின், அதாவது இன்றைய கொலம்பியாவின், குடியரசுத் தலைவரே ஆனார். சூக்ரேயின் மனைவி உடலை இரகசியமாகக் கீட்டோவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். அந்த இடம் 1900இல்தான் வெளியே தெரிந்தது.