வீடு மாமியார் பெயரில் இருந்தால் வெளியே போகச் சொல்ல முடியுமா?

ஏற்காட்டில் கணவர் அடித்து விரட்டிவிட்டார், இப்போது சேலம் அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன், வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, எங்கே மனு போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேலத்திலேயே போடலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு செய்யலாம். மலையேற வேண்டியதில்லை.

வீடு யார் பெயரில் என்பதை வைத்துத்தான் பலரையும் பயமுறுத்துகிறார்கள். கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க உரிமை கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவரை வெளியேறச் சொல்லிக்கூட உத்தரவு போடலாம். மாமியாரைச் சொல்ல முடியாது, பெண்களுக்கு அந்த விலக்கு உண்டு. அங்கே திரும்ப மனமில்லையா? சரி, வேறு வீட்டில் தங்க வாடகை தரச் சொல்லிக் கேளுங்கள்.

அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கும். 60 நாளில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், அதனால் இடைக்கால மனுவை விடாதீர்கள். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இன்றைக்கே ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.