வருத்தமே இல்லாமல் நிறைவாக வாழ முடியுமா?

முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் எந்த வருத்தம் கடைசிவரை கூடவே வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். செய்து கெடுத்த காரியம் உடனே சுடுகிறது. வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், செய்யாமல் விட்டதுதான் அதிகம் உறுத்துகிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம், வேலையை மாற்றலாம், குறைந்தபட்சம் 'பட்டுத் தெரிந்துகொண்டேன்' என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். செய்யாததற்கு முடிவே கிடையாது. மனசு அதற்கு விதவிதமாகக் கதை கட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்குத் தடுத்த பயமோ இன்றைக்குச் சுண்டைக்காயாகத் தெரியும். 'இதற்கா பயந்தோம்' என்று நம்மேலேயே வரும் கோபம்தான் பெரிது.

அதற்காக நாளைக்கே வேலையை விட்டுவிட்டு இமயமலைக்குக் கிளம்பச் சொல்லவில்லை. (கடன் தவணைக்கு யார் பதில் சொல்வது?) பெரும்பாலும் பாக்கி நிற்பவை சின்ன விஷயங்கள்: பேச்சை நிறுத்திய ஒரு நண்பன், கற்காமல் விட்ட ஒரு வித்தை.

என் பெரியப்பாவுக்கு நீச்சல் தெரியாது. ஓய்வு பெற்றபின் ஒருநாள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் இறங்கினார். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்த பொடிசுகள், "தாத்தா, காலை உதைங்க!" என்று கத்தின. ஒரு கையால் கடைசிப் படியை விடாமல் பிடித்தபடி உதைத்துக்கொண்டிருந்தார்.